கியூனிஃபார்ம்: களிமண்ணிலும் காலிலும் ஒரே பெயர் ஏன்?

தேடல்மாறன்:

வணக்கம். மெசபடோமியாவின் களிமண் பலகைகளைப் பற்றிக் கொஞ்ச நாளாக ஆர்வத்தோடு படித்து வருகிறேன். நாம் ஆப்பெழுத்து என்று சொல்வதைத்தான் உலகம் கியூனிஃபார்ம் என்கிறது. போன வாரம் என் தங்கை படியில் கால் தவறிப் பாதத்தை மடக்கிக்கொண்டாள். எக்ஸ்ரே அறிக்கையைப் பார்த்தால் அதிலும் 'மீடியல் கியூனிஃபார்ம்' என்று இருக்கிறது. ஐயாயிரம் வருடப் பழமையான எழுத்துக்கும் காலில் இருக்கிற எலும்புக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? வடிவம் ஒன்று என்பது புரிகிறது. அதற்கு மேல் ஏதாவது தொடர்பு உண்டா? வேறு எதற்கெல்லாம் இந்தப் பெயர் இருக்கிறது? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

பழஞ்சுவடி:

நல்ல கேள்வி, தம்பி. லத்தீனில் 'குனேயஸ்' என்றால் ஆப்பு. 'ஃபார்மா' என்றால் வடிவம். பெயரின் கதை அவ்வளவுதான். 1700இல் தாமஸ் ஹைட் என்ற ஆங்கிலேய அறிஞர் பழைய பாரசீகத் தலைநகரான பெர்செபோலிஸ் இடிபாடுகளில் இருந்த குறிகளைப் பற்றி எழுதும்போது ஆப்பு வடிவம் என்ற இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ஆனால் அவை எழுத்தே இல்லை, வெறும் அலங்காரம் என்பது அவர் முடிவு. 1712இல் எங்கெல்பர்ட் கெம்ஃபர் என்ற ஜெர்மானியப் பயணியும் ஆப்பு வடிவக் குறிகள் என்றே எழுதினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாத காலத்தில், வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து வைத்த பெயர் இது. உடற்கூறியலிலும் பழைய பெயர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வந்தன. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிவதற்கு முன்பே கண்ணுக்குப் பட்ட உருவத்தை வைத்துப் பெயரிட்டார்கள். இரண்டு இடத்திலும் பெயர் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான்.

மண்ணேடு:

ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் எழுத்தைப் பொறுத்தவரை ஆப்பு என்பது யாரும் யோசித்துத் தேர்ந்தெடுத்த வடிவம் இல்லை, கருவி கொடுத்த வடிவம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இன்றைய ஈராக்கின் தெற்கில் உள்ள ஊருக் நகரத்தில் கிடைத்த மிகப் பழைய பலகைகள் ஏறக்குறைய கி.மு. 3300ஐ ஒட்டியவை. அவற்றில் ஆப்பே கிடையாது. கூர்முனையால் ஈரக் களிமண்ணில் கீறிய சின்னச் சின்னப் படங்கள்தான் இருக்கின்றன: தலை, கிண்ணம், கதிர், மாட்டுத்தலை. எண்களுக்கு மட்டும் உருண்டையான ஒரு முனையை அழுத்திக் குழி போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கணக்குதான். வாற்கோதுமை எவ்வளவு வந்தது, பீர் எவ்வளவு கொடுத்தோம், ஆடு எத்தனை என்ற விவரங்கள். கதையோ பாட்டோ அதில் இல்லை.

ஈரக் களிமண்ணில் வளைகோடு கீறிப் பாருங்கள். முனை போகிற வழியெல்லாம் மண் கரையாக ஒதுங்கும், முன்பே போட்ட கோட்டை மூடும், நேரமும் பிடிக்கும். கீறுவதை விட்டுவிட்டு நறுக்கிய நாணலின் மூலையை அழுத்தி எடுத்தால் சுத்தமான பள்ளம் விழும். மூலை ஆழமாக இறங்குகிற இடத்தில் முக்கோணத் தலை, நாணலின் விளிம்பு படிகிற இடத்தில் மெலிந்து போகும் வால். இதுதான் ஆப்பு. படுக்கை, செங்குத்து, சாய்வு, வால் இல்லாத ஒற்றைக் குழி ஆகிய இந்த நாலைந்து அழுத்தல்களைச் சேர்த்துச் சேர்த்துத்தான் நூற்றுக்கணக்கான குறிகளை உருவாக்கினார்கள். காலப்போக்கில் படங்கள் உடைந்து ஆப்புகளின் கூட்டமாகிவிட்டன. பல குறிகள் தொண்ணூறு பாகை திரும்பியும் போயின.

ஒரு குறியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். சுமேரியத்தில் 'உண்' என்பதற்கு முதலில் ஒரு தலையும் அதன் வாய்ப்பக்கத்தில் ஒரு கிண்ணமும் வரைந்தார்கள். அந்தச் சாய்விளிம்புக் கிண்ணம் மெசபடோமியாவில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கிறது. கூலியாகத் தானியம் அளந்து கொடுத்த கிண்ணமாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். ஆயிரம் வருடம் கழித்து அதே குறியைப் பார்த்தால் தலையும் தெரியாது, கிண்ணமும் தெரியாது. ஆப்புகள் மட்டும்தான் தெரியும். ஆனால் பள்ளியில் பயின்ற எழுத்தருக்கு அது 'உண்' என்று சட்டெனத் தெரியும்.

தேடல்மாறன்:

அருமை, மண்ணேடு அண்ணா. அப்படியானால் கியூனிஃபார்ம் என்பது ஒரு மொழி இல்லையா? பல இடங்களில் 'கியூனிஃபார்ம் மொழி' என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன்.

மண்ணேடு:

மொழி இல்லவே இல்லை. இந்தக் குழப்பம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. சுமேரியம் எந்த மொழிக் குடும்பத்தையும் சேராத தனிமொழி. அக்காதியம் அரபி, ஹீப்ரு வகை. ஹிட்டைட் இந்தோ ஐரோப்பியம். ஈலமியம் வேறு. ஹுர்ரியமும் உரார்த்தியமும் ஒன்றுக்கொன்று உறவுள்ள இன்னொரு குடும்பம். வேறு வேறு குடும்பங்களைச் சேர்ந்த இத்தனை மொழிகளும் ஆப்புகளால் எழுதப்பட்டன. ஏறத்தாழ மூவாயிரம் வருடம் இந்த முறை புழங்கியது. காலம் கணிக்க முடிகிற கடைசிப் பலகைகளில் ஒன்று கி.பி. 75ஐச் சேர்ந்த வானியல் குறிப்பு. பாபிலோனில் கோயில் சார்ந்த வானியலாளர்கள்தான் கடைசிவரை இதை விடாமல் வைத்திருந்தவர்கள்.

இன்னும் ஒரு படி மேலே போகிறேன். அது ஒரே எழுத்துமுறைகூட இல்லை. உகாரித்தைப் பாருங்கள். சிரியாவின் கடற்கரையில் ராஸ் ஷம்ராவில் 1929இல் கிடைத்த பலகைகளில் ஆப்புகள்தான் இருந்தன, ஆனால் மொத்தமே 30 குறிகள். அது அகரவரிசை எழுத்து. ஒவ்வொரு குறிக்கும் ஏறக்குறைய ஒரு மெய்யொலி. சுமேரியக் குறிகளின் உருவங்களோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. களிமண்ணும் நாணலும் கையில் இருந்ததால் அந்த அகரவரிசையையும் ஆப்பில் எழுதினார்கள். ஹான்ஸ் பவர், எதுவார் தோர்ம், ஷார்ல் விரோலோ ஆகிய மூவரும் ஓரிரு வருடத்துக்குள் அதைப் படித்துவிட்டார்கள். குறிகள் குறைவு, மொழியும் தெரிந்த குடும்பம்.

ஆகவே 'ஆப்பு வடிவம்' என்ற பெயர் உறவைச் சொல்லாது, தோற்றத்தை மட்டும் சொல்லும். எலும்புக் கேள்விக்கும் இதே பதில் பொருந்தும் என்று நினைக்கிறேன். எழில் அக்கா வந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

இயன்முறை எழில்:

வந்துவிட்டேன். முதலில் மாறனின் தங்கைக்கு: பாதத்தின் நடுவில் வலி, அதோடு உள்ளங்காலில் ரத்தம் கட்டிய நீலநிறம் தெரிந்தால், காலை ஊன்றாமல் எலும்பு மருத்துவரிடம் மறுபடி காட்டச் சொல்லுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பாதத்தில் கியூனிஃபார்ம் எலும்புகள் மூன்று. பெருவிரல் பக்கம் இருப்பது உட்புறம், அடுத்தது நடு, அதற்கடுத்தது வெளிப்புறம். பின்னால் நாவிகுலர் எலும்பு, முன்னால் முதல் மூன்று விரல்களின் நீள எலும்புகளான மெட்டாடார்சல்கள், வெளிப்பக்கம் கியூபாய்டு. மூன்றில் உட்புறம்தான் பெரியது, நடுவில் இருப்பது சிறியது.

ஆனால் மண்ணேடு சொன்ன 'தோற்றம் மட்டும்' என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எழுத்தில் ஆப்பு கருவியின் விளைவு, சரி. பாதத்தில் ஆப்பு வேலை செய்கிறது. நடு எலும்பும் வெளிப்புற எலும்பும் மேலே அகலம், உள்ளங்கால் பக்கம் குறுகல். இப்படி ஆப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தானாகவே ஒரு வளைவு எழும். கட்டடத்தில் வளைவுக் கற்களை அப்படித்தான் செதுக்குகிறார்கள். மேலிருந்து எடை அழுத்தும்போது கற்கள் கீழே விழாமல் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். உட்புற எலும்பு மட்டும் தலைகீழ். அதன் அகலமான பக்கம் கீழே இருக்கிறது.

இந்தக் குறுக்கு வளைவின் முக்கியத்துவம் அண்மையில்தான் நன்றாகப் பிடிபட்டது. பாதம் விறைப்பாக இருப்பதற்குக் குதிகாலிலிருந்து விரல்வரை போகும் நீள வளைவுதான் காரணம் என்று வெகுகாலம் சொல்லி வந்தோம். 2020இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில், இறந்தவர்களின் பாதங்களில் குறுக்காக ஓடும் திசுக்களை அறுத்துப் பார்த்தபோது விறைப்பு 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஒரு காகிதத்தின் ஓரத்தைப் பிடித்து நீட்டினால் தொங்கிவிடும். அதையே அகலவாக்கில் லேசாகக் குழித்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். அதே வேலையைத்தான் குறுக்கு வளைவும் செய்கிறது. குதிகாலைத் தூக்கி முன்பாதத்தால் தரையை உந்தும்போது பாதம் நடுவில் மடங்காமல் இருப்பதற்கு இந்த மூன்று எலும்பின் வடிவமும் ஒரு காரணம்.

கல்லெழுத்தன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 'எழுத்தில் ஆப்பு கருவியின் விளைவு' என்பதை எழில் அம்மா அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். நான் அதில் பாதிதான் ஏற்பேன்.

பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1901 முடிந்து 1902 பிறக்கும் சமயத்தில் ஈரானின் சூசாவில் கிடைத்தது, இப்போது லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடினமான கருங்கல். அதில் நாணல் எங்கே இறங்கும்? உளியால் ஒவ்வொரு ஆப்பையும் முக்கோணத் தலையோடும் வாலோடும் செதுக்கியிருக்கிறார்கள். உளிக்கு ஆப்பு எளிது என்று சொல்ல முடியாது. நேர்கோடு போட்டுவிட்டுப் போவதுதான் எளிது. ஆக, அந்தக் காலத்துக்குள் ஆப்பு என்றால்தான் எழுத்து என்ற மனநிலை வந்துவிட்டது. கருவி போன பிறகும் வடிவம் நின்றது.

பழைய பாரசீக ஆப்பெழுத்து இன்னும் ஒரு படி மேலே. பாரசீகப் பேரரசன் முதலாம் தாரியஸ் காலத்தில் பெரும்பாலும் பாறையிலும் கல்லிலும் பொறிக்கவே பயன்பட்ட எழுத்து அது. 36 ஒலிக்குறிகள், சில சொற்குறிகள், சொற்களைப் பிரிக்க ஒரு சாய்ந்த ஆப்பு. சுமேரிய அக்காதியக் குறிகளிலிருந்து உருவத்தைக் கடன் வாங்கவில்லை, ஆப்பு என்ற பாணியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். பேரரசு என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இதைக் கருவியின் விளைவு என்று எப்படிச் சொல்வது?

மண்ணேடு:

நண்பர் சொல்வது நியாயம். பிறந்தது கருவியால், நிலைத்தது மதிப்பால் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றாட எழுத்தில் பெரும்பகுதி களிமண்ணில்தான் நடந்தது. கல்வெட்டுகள் அரசர்களுடையவை. கடன் பத்திரம், கடிதம், பள்ளிப் பயிற்சி, மருந்துக் குறிப்பு, தாலாட்டு எல்லாம் களிமண். இன்றைய துருக்கியில் உள்ள கூல்தெப்பேயில் மட்டும் 23,000 பலகை அளவில் கிடைத்திருக்கின்றன. அஸ்ஸூர் நகரத்து வணிகர்கள் நாலாயிரம் வருடத்துக்கு முன் அனதோலியாவில் தங்கி நடத்திய வியாபாரத்தின் கடிதங்களும் கணக்குகளும் அவை. கடிதத்தின் மேல் களிமண்ணிலேயே ஓர் உறை, உறைமேல் முத்திரை. உறையை உடைத்தால்தான் கடிதம்.

அந்த மக்களுக்கும் ஆப்பு என்ற வடிவத்தைப் பற்றிய உணர்வு இருந்திருக்கிறது. அக்காதியத்தில் ஆப்புக் குறியைச் 'சந்தக்கு' என்பார்கள். முக்கோணத்துக்கும் அதே சொல்தான்.

பழஞ்சுவடி:

பாரசீக எழுத்தைப் பேச்சில் கொண்டுவந்தது நல்லது. எல்லாவற்றையும் திறந்து வைத்த சாவியே அதுதான். கார்ஸ்டன் நீபூர் 1765இல் பெர்செபோலிஸில் பொறுமையாகப் படியெடுத்து வந்தார், 1778இல் அச்சில் வெளியிட்டார். 1802இல் கியோர்க் கிரோட்டஃபெண்ட் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் அந்தப் படிகளோடு உட்கார்ந்தார்.

அவருடைய யோசனை இன்றைக்கும் வியப்பளிக்கிறது. பிற்காலப் பாரசீகக் கல்வெட்டுகளில் 'இன்னார், பேரரசன், அரசர்க்கு அரசன், இன்னார் மகன்' என்ற வாய்பாடு உண்டு. இங்கும் அதுவே இருக்கும் என்று கொண்டால், திரும்பத் திரும்ப வரும் குறிக்கூட்டம் 'அரசன்'. ஒரு கல்வெட்டில் மகனும் அப்பாவும் இருவருமே அரசர்கள். இன்னொன்றில் அந்த அப்பாவின் அப்பாவுக்கு மட்டும் அரசன் என்ற பட்டம் இல்லை. பாரசீக வரலாற்றில் இப்படிப் பொருந்தும் மூன்று தலைமுறை யார்? செர்க்சஸ், அவர் தந்தை தாரியஸ், அரசராக இல்லாத தாத்தா ஹிஸ்டாஸ்பஸ். பெயர்களைப் பொருத்தியதும் சில ஒலிகள் கையில் வந்துவிட்டன.

அப்புறம் ஈரானில் உள்ள பெஹிஸ்தூன் பாறை. ஒரே செய்தி பழைய பாரசீகம், ஈலமியம், பாபிலோனியம் என மூன்று மொழிகளில். ஹென்றி ராலின்சன் 1835 முதல் அந்தச் செங்குத்துப் பாறையில் ஏறிப் படியெடுத்தார். பாபிலோனிய எழுத்தின் இயல்பை உடைத்ததில் அயர்லாந்துப் பாதிரியார் எட்வர்ட் ஹிங்க்ஸின் பங்கை நான் ராலின்சனுக்கு மேலாகவே வைப்பேன். ஒரு குறிக்குப் பல ஒலி, ஒரு ஒலிக்குப் பல குறி என்பதையெல்லாம் வீட்டில் இருந்தபடியே தெளிவாகக் கண்டவர் அவர்.

இப்படி ஒரு எழுத்தை நிஜமாகவே படிக்க முடியுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். 1857இல் லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி அசீரிய அரசன் முதலாம் திக்லத் பிலேசரின் கல்வெட்டு ஒன்றை ராலின்சன், ஹிங்க்ஸ், ஃபாக்ஸ் டால்பட், ஜூல் ஓப்பெர் நால்வரும் தனித்தனியே மொழிபெயர்க்கச் செய்து, முத்திரையிட்ட உறைகளில் வாங்கிப் பிரித்து ஒப்பிட்டது. முக்கியமான இடங்களில் நால்வரும் ஒத்துப்போனார்கள். சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

கணக்குக்காரி:

வரலாறு பேசும்போது எண்களை விட்டுவிடாதீர்கள். ஆப்பெழுத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். செங்குத்து ஆப்பு ஒன்று என்றால் 1. வாலில்லாத மூலைக்குழி 10. இரண்டே குறிகளை வைத்து 59 வரை போவார்கள், 60 வந்ததும் மறுபடி செங்குத்து ஆப்பு, ஆனால் ஓர் இடம் தள்ளி. இடமதிப்பு முறை! நம் மணிக்கு 60 நிமிடமும் வட்டத்துக்கு 360 பாகையும் அங்கிருந்து வந்தவை.

யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்டப் பலகை இருக்கிறது. ஒரு சதுரம், இரண்டு மூலைவிட்டம், பக்கத்தில் 30. மூலைவிட்டத்தின் மேல் 1, 24, 51, 10 என்று ஆப்புகள். அறுபதின் பின்னங்களாகக் கூட்டினால் 1.41421296 வரும். இரண்டின் வர்க்கமூலம், தசமத்தில் ஆறாம் இலக்கத்தில்தான் விலகுகிறது. ஏறக்குறைய கி.மு. 1800 முதல் 1600க்குள் எழுதியது. அந்த அளவு பலகையில்தான் பள்ளி மாணவர்கள் பயிற்சி செய்வார்கள். எழுதியவர் ஒரு மாணவராக இருக்கலாம் என்பதை நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

தேடல்மாறன்:

கணக்குக்காரி சொன்னதைப் படித்துவிட்டு நானும் கையால் கூட்டிப் பார்த்தேன், சரியாக வருகிறது! எழில் அக்கா, தங்கை விஷயத்தில் மறுபடி காட்டச் சொன்னீர்களே, அதைக் கொஞ்சம் விளக்குங்கள். அவளுக்கு நடுப்பாதத்தில்தான் வலி.

இயன்முறை எழில்:

சொல்கிறேன். மூன்று கியூனிஃபார்ம் எலும்புகளில் நடு எலும்பு நீளம் குறைவு. அதனால் மற்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டாகிறது. இரண்டாவது மெட்டாடார்சலின் அடி அந்தப் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. நடுப்பாதத்தின் பூட்டு இதுதான். விந்தை என்னவென்றால், முதல் மெட்டாடார்சலின் அடியையும் இரண்டாவதின் அடியையும் நேராகக் கட்டும் தசைநார் கிடையாது. அதற்குப் பதில் உட்புறக் கியூனிஃபார்மிலிருந்து இரண்டாவது மெட்டாடார்சலுக்குச் சாய்வாக ஒரு வலுவான தசைநார் ஓடுகிறது. லிஸ்ஃபிராங்க் தசைநார் என்று பெயர். நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஷாக் லிஸ்ஃபிராங்க் இந்த மூட்டின் வழியாகப் பாதத்தை வெட்டியெடுக்கும் முறையை 1815இல் விவரித்ததால் மூட்டுக்கே அவர் பெயர் நின்றுவிட்டது.

விரல்கள் ஊன்றியபடி குதிகால் தூக்கியிருக்கும்போது மேலிருந்து எடை இறங்கினால் அந்தத் தசைநார் கிழியலாம், அல்லது எலும்பில் ஒரு துணுக்கைப் பெயர்த்துக்கொண்டு வரலாம். படியில் தவறுவது அதற்கு ஏற்ற சூழல். படுத்த நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்புகள் ஒழுங்காக இருப்பது போலவே தெரியும். இந்த வகைக் காயம் முதல் பார்வையில் தவறிவிடுவது அடிக்கடி நடக்கிறது. நின்று எடையை ஊன்றி, இரண்டு பாதத்தையும் ஒப்பிட்டு எடுத்தால்தான் உட்புறக் கியூனிஃபார்முக்கும் இரண்டாவது மெட்டாடார்சலுக்கும் நடுவில் இடைவெளி தெரியும். 2 மில்லிமீட்டர் விலகல்கூட இங்கே பெரிய விஷயம். வலியால் நிற்க முடியாவிட்டால் சிடி ஸ்கேன் உதவும். விட்டுவிட்டால் வளைவு தாழ்ந்து மூட்டுத் தேய்மானம் வரும். சாதாரணச் சுளுக்காகவும் இருக்கலாம், ஆனால் உறுதி செய்துகொள்வது நல்லது.

உடற்கூறு மாணவி:

வேறு எதற்கெல்லாம் இந்தப் பெயர் என்று மாறன் கேட்டாரே, அதற்கு நான் சொல்கிறேன்.

மணிக்கட்டில் இன்று டிரைக்வெட்ரல் என்று சொல்லும் எலும்புக்குப் பழைய புத்தகங்களில் கியூனிஃபார்ம் என்றுதான் பெயர். நூறு வருடத்துக்கு முந்தைய நூலைப் படிப்பவர்கள் கையா காலா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மண்டையோட்டின் அடியில் இருக்கும் ஸ்ஃபீனாய்டு எலும்பின் பெயருக்கும் கிரேக்கத்தில் ஆப்பு வடிவம் என்றே பொருள். குரல்வளையில் இரண்டு சின்னக் கியூனிஃபார்ம் குருத்தெலும்புகள் உண்டு, ரிஸ்பெர்க் குருத்தெலும்பு என்றும் சொல்வார்கள். வேறு எந்த எலும்போடும் மூட்டாகச் சேராமல் சளிச்சவ்வு மடிப்புக்குள் கிடக்கும், சிலருக்கு அது இருப்பதே இல்லை. மூளையின் பின்பகுதியில் குனேயஸ் என்றே ஒரு பகுதி, பார்வைப் புலத்தின் கீழ்ப்பாதி அங்கே போய்ச் சேர்கிறது. நடுமூளையில் கியூனிஃபார்ம் உட்கரு என்று ஒன்று, நடையைத் தொடங்கிவைப்பதில் அதற்குப் பங்குண்டு என்று விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது தண்டுவடத்தில் இருப்பது. அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் பின்பக்கம் ஆப்பு போலத் தெரியும் ஒரு நரம்புக் கற்றை, கியூனியேட் கற்றை. கைகளிலிருந்தும் மேலுடம்பிலிருந்தும் வரும் நுண்ணிய தொடுவுணர்வு, அதிர்வு, மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு எல்லாம் அதன் வழியாகத்தான் மேலே போகின்றன. கால்களிலிருந்து வரும் உணர்வுக்கு அதன் பக்கத்திலேயே தனிக் கற்றை இருக்கிறது. நாணலைப் பிடித்து எவ்வளவு அழுத்துகிறோம், மண் எவ்வளவு இளகியிருக்கிறது என்பதை எழுத்தரின் விரல்கள் உணர்ந்தது அந்த ஆப்புக் கற்றை வழியாகவே.

உகாரித்தைப் பற்றி மண்ணேடு அண்ணா சொன்னதை இங்கே நான் முழுதாக ஏற்கிறேன். குருத்தெலும்பும் நரம்புக் கற்றையும் கால் எலும்பும் கருவில் உருவாகும் விதமே வேறு. பெயரைப் பார்த்து உறவு தேடினால் தேர்வில் மாட்டிக்கொள்வோம்.

இயன்முறை எழில்:

அழகாகச் சொன்னாய், மாணவி. குழந்தைகளின் எக்ஸ்ரே பார்ப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். மூன்றில் வெளிப்புற எலும்பு ஏறக்குறைய முதல் வயதில் எலும்பாகத் தொடங்குகிறது, உட்புறம் இரண்டு வயதை ஒட்டி, நடு எலும்பு மூன்றை ஒட்டி. அதுவரை அவை குருத்தெலும்பு என்பதால் படத்தில் தெரியாது. இரண்டு வயதுக் குழந்தையின் பாதப் படத்தில் எலும்பைக் காணோம் என்று பெற்றோர் பயப்படத் தேவையில்லை.

கல்லெழுத்தன்:

எலும்பையும் பழமையையும் சேர்த்துப் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபான்டைன் குகையிலிருந்து வந்த எலும்புகளைப் பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார்கள். 1994இல் ரொனால்ட் கிளார்க் அவற்றில் விலங்கு எலும்புகளோடு கலந்து கிடந்த நான்கு பாத எலும்புகளைக் கண்டுபிடித்தார். கணுக்கால் எலும்பு, நாவிகுலர், உட்புறக் கியூனிஃபார்ம், முதல் மெட்டாடார்சலின் ஒரு பகுதி, நான்கும் ஒன்றோடொன்று பொருந்தின. அந்த ஆதி மனித முன்னோடி உயிருக்கு 'லிட்டில் ஃபுட்' என்ற பெயர் அதனால்தான் வந்தது. பிறகு அதே குகைப் பாறையில் மீதி எலும்புக்கூடும் கிடைத்தது.

உட்புறக் கியூனிஃபார்ம் இதில் ஏன் முக்கியம் என்றால், பெருவிரலின் நீள எலும்பு அதன் முன்முகத்தில்தான் உட்காருகிறது. சிம்பன்சியில் அந்த முகம் உருண்டு பக்கவாட்டில் சாய்ந்திருக்கும், பெருவிரல் கிளையைப் பற்ற விலகி நிற்கும். மனிதரில் அது தட்டையாக முன்னோக்கி இருக்கிறது. அந்த ஒரு முகத்தின் சாய்வை அளந்தே, இப்படிப்பட்ட பழைய உயிர் மரமேறியதா நிலத்தில் நடந்ததா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதம் செய்கிறார்கள்.

தேடல்மாறன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தங்கைக்கு எலும்பு மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டோம், நின்றபடி படம் எடுக்கக் கேட்கப் போகிறோம். கடைசியாக ஒரு சந்தேகம், மண்ணேடு அண்ணா. இணையத்தில் பலகைகளின் படங்களைப் பார்க்கிறேன். ஒரே பலகை ஒரு படத்தில் தெளிவாகவும் இன்னொன்றில் வெறும் மண்கட்டியாகவும் இருக்கிறது. எப்படிப் பார்க்க வேண்டும்?

மண்ணேடு:

வெளிச்சம்தான் காரணம். ஆப்பு என்பது மை இல்லை, பள்ளம். நேரே வெளிச்சம் அடித்தால் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிடும். இடது மேல்மூலையிலிருந்து சாய்வாக வெளிச்சம் விழுந்தால் நிழல் பள்ளத்தில் தங்கி ஆப்பு எழுந்து நிற்கும். ஒரே பலகையைப் பல திசை வெளிச்சத்தில் படமெடுத்துச் சேர்த்துத் தரும் தளங்கள் இப்போது உண்டு, அவற்றில் வெளிச்சத்தை நீங்களே நகர்த்தலாம். இன்னொன்று, பலகையைப் புத்தகம் போலப் பக்கவாட்டில் திருப்பக் கூடாது. கீழ்விளிம்பு மேலே வரும்படி புரட்டினால்தான் பின்பக்கம் நேராக வரும். படத்தில் முன்பக்கத்துக்குக் கீழேயே பின்பக்கத்தை ஒட்டி வைப்பதும் அதனால்தான்.

பெரிதாக்கிப் பார்க்கும்போது ஆப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களைக் கவனியுங்கள். பின்னால் போட்ட ஆப்பு முன்னால் போட்டதன் விளிம்பை நசுக்கியிருக்கும். எதை முதலில் அழுத்தினார், எதை அடுத்து அழுத்தினார் என்ற வரிசையை அதிலிருந்து சொல்லிவிடலாம். பள்ளிப் பலகைகளில் ஆசிரியரின் வரியும் மாணவரின் வரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அந்த வகைப் பலகை ஒன்றை எடுத்துக்கொண்டு, வான் என்ற குறியிலிருந்து தொடங்குங்கள். முதலில் எட்டுக் கதிர் நட்சத்திரமாக இருந்து பிறகு சில ஆப்புகளாகச் சுருங்கிய குறி அது. வானம் என்றும் படிக்கலாம், கடவுள் என்றும் படிக்கலாம், 'அன்' என்ற வெறும் அசையாகவும் வரும், கடவுளின் பெயருக்கு முன்னால் வந்தால் படிக்கவே மாட்டோம், வருவது கடவுள் பெயர் என்று காட்ட மட்டும் நிற்கும். எந்த இடத்தில் எது என்பது பக்கத்தில் இருக்கும் குறிகளைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு வரியை எடுத்துக்கொண்டு முயன்று பாருங்கள், நின்ற இடத்தில் இங்கே எழுதுங்கள். சேர்ந்தே படிப்போம்.